கிறிஸ்மஸுக்குக் கையால பின்னித் தரப் போறீங்களா? ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வருஷம் நவம்பர் 20 வாக்குல மதினி போன் பண்ணுனாங்க. கிறிஸ்மஸுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குல்ல, வீட்டுல ஒம்பது பேருக்கும் நம்மளே ஸ்வெட்டர் பின்னிடலாமான்னு. நான் சிரிச்சிட்டு, ஒரு பேப்பர் பேனா எடுங்க மதினி, கணக்குப் போடுவோம்னேன்.

அந்தக் கணக்கை இங்கயும் போட்டுடுறேன். 36 இஞ்ச் மார்புச் சுத்தளவு, ஒரு இஞ்சுக்கு அஞ்சரை கண்ணி (ஊசியில போடுற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), அப்ப ஒரு சுத்துக்கு 198 கண்ணி. ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஏழு வரிசை, 24 இஞ்ச் நீளம்னா 168 வரிசை. பெருக்கிப் பாத்தா உடம்புக்கு மட்டுமே 33,000 கண்ணிக்கு மேல போகுது, ரெண்டு கையும் சேத்தா 50,000 கிட்ட வந்துடும். நிமிஷத்துக்கு 25 கண்ணி போடுற கை இருந்தாலே (டீவி பாத்துக்கிட்டு, குக்கர் விசிலை எண்ணிக்கிட்டு பின்னுறவங்களுக்கு அதுவும் வராது) 33 மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஒரு ஸ்வெட்டருக்கு 17 நாள். ஒம்பது ஸ்வெட்டருக்கு 150 நாள். மதினி, ஈஸ்டர் வந்துடும்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

அதே கணக்குல ஒரு பெரியவங்க குல்லா 6,000 கண்ணிதான், நாலு மணி நேரம். மஃப்ளர் ஒண்ணு 17,000 கிட்ட வரும், பதினோரு பன்னெண்டு மணி நேரம். அதனால முதல் விஷயம், யாருக்கு என்னன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க கையில எத்தனை மணி நேரம் இருக்குன்னு பாருங்க. எங்க ஊரு கொடைக்கானல்ல பழக்கப்பட்ட கைக்காரங்க எல்லாம் ஆகஸ்ட்ல சலேத் மாதா கோயில் திருவிழா முடிஞ்ச கையோட ஊசியை எடுத்துடுவாங்க. அக்டோபர், நவம்பர் மழையில வெளியவும் போக முடியாது, கரண்ட்டும் சொல்லாமப் போயிடும், அப்ப பின்னல்தான் பொழுதுபோக்கு. டிசம்பர் வந்துட்டா பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, கேரல் ரவுண்ட்ஸ், வீட்டை ஒட்டடை அடிக்கணும், கல்கல் பலகாரம் உருட்டணும், அச்சு முறுக்கு சுடணும், எண்ணெய்க் கையோட வெள்ளை நூலைத் தொட முடியுமா என்ன. டிசம்பர் ஒண்ணாம் தேதிக்கு மேல புதுசா ஸ்வெட்டர் எதுவும் ஆரம்பிக்காதீங்க. குல்லா, சாக்ஸ், குழந்தைச் சாமான், இதோட நிறுத்திக்கோங்க.

யாருக்குப் பின்னுறோம், அவங்க எங்க இருக்காங்க

இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நமக்கு என்ன டிசைன் பின்ன ஆசையோ அதைப் பின்னிட்டு, அப்புறம் அது யாருக்கு சேரும்னு தேடுறது. அப்படிப் பின்னுனது எல்லாம் பீரோவுக்குள்ளதான் தூங்கும். வாங்குனவங்க அதை எடுத்துப் போடணும், நான் பாக்குறது அது ஒண்ணுதான். கேபிள் பின்னல் எவ்வளவு அழகா வந்திருக்குன்னு பெருமைப்பட்டு என்ன, போட ஆளில்லையே.

நமக்கு மலை மேல 7,000 அடியில குளிர், டிசம்பர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ இறங்கிடுது, ஏரிப் பக்கம் புல்லு மேல வெள்ளையா உறைபனியே படியும். ஆனா நம்ம சொந்தக்காரங்க பாதிப்பேர் கீழ இருக்காங்க. மதுரையிலயும் திண்டுக்கல்லயும் சென்னையிலயும் டிசம்பர்ல கூட ஃபேன் போட்டுத்தான் தூங்குறாங்க. அவங்களுக்கு முழுக்கை கம்பளி ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தா வருஷத்துக்கு ரெண்டு நாள், அதுவும் நம்ம வீட்டுக்கு வந்தாத்தான் போடுவாங்க. வத்தலகுண்டுல பஸ் இறங்குறதுக்குள்ள கழட்டிப் பைக்குள்ள திணிச்சிடுவாங்க. கீழ இருக்கவங்களுக்கு காட்டன் நூல்ல குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்ட டேபிள் விரிப்பு, குடில் பக்கத்துல தொங்கவிட சின்ன நட்சத்திரம், ஏசி ரூம்ல வேலை பாக்குற பொண்ணுக்கு மெல்லிசா ஒரு ஷால், பிறந்த குழந்தை இருந்தா காட்டன் குல்லா, இப்படி யோசிங்க.

மேல இருக்கவங்களுக்கும் ஆளுக்கு ஆள் மாறும். சேலை கட்டுற அம்மாமார், பாட்டிமாருக்கு தலை வழியா மாட்டுற ஸ்வெட்டரைப் பின்னவே பின்னாதீங்க. கொண்டை கலையும், வச்ச பூ நசுங்கும், கை தூக்கி மாட்ட தோள்பட்டை வலிக்கும். அவங்களுக்கு முன்பக்கம் திறந்து பட்டன் வச்சது, முந்தானைக்கு மேல போட்டா பத்துற மாதிரி கொஞ்சம் தாராளமா, ரெண்டு பக்கமும் பாக்கெட். பாக்கெட் ரொம்ப முக்கியம், சாவி, ஜெபமாலை, சில்லறை, கோடாலித் தைலம் எல்லாம் அதுலதான் குடியிருக்கும், அதனால பாக்கெட்டோட மேல் ஓரத்தை ரெட்டை நூல்ல பின்னி மூலையில நல்லா தச்சுக் குடுங்க, இல்லன்னா மூணாம் மாசம் தொங்கிப் போயிடும். டாக்ஸி ஓட்டுற அண்ணன்மாருக்கு கையில்லாத ஹாஃப் ஸ்வெட்டர், ஜாக்கெட்டுக்கு உள்ள போட்டுக்குவாங்க, ஸ்டியரிங் திருப்ப கையும் இடிக்காது. ஞாயித்துக்கிழமை சந்தையில கடை போடுற அக்காவுக்கு விரல் நுனி திறந்த கிளவுஸ். முழு கிளவுஸ் போட்டுக்கிட்டு நோட்டை எண்ணவும் முடியாது, பாலித்தீன் பைய பிரிக்கவும் முடியாது. தாத்தாமாருக்கு மங்கி குல்லாதான், வேற எதைக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு பழைய மங்கி குல்லாவைத்தான் போடுவாங்க.

கலர் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். வெள்ளையும் இளம் ரோஸும் போட்டோவுக்கு அழகு, ஆனா விறகடுப்பு இருக்கிற வீட்டுக்கும் கேரட் தோட்டத்துல வேலை பாக்குறவங்களுக்கும் அது ஆகாது. மெரூன், பாட்டில் கிரீன், நேவி புளூ, காப்பிக் கலர், இதெல்லாம் அழுக்கு தாங்கும். துவைச்சா மூணு நாள் காயாத ஊருல அழுக்கு தாங்குறது பெரிய குணம்.

நூல் வாங்குறப்ப

கடையில உல்லன்னு சொல்லி விக்கிறதுல பெரும்பாலானது அக்ரிலிக். அது மட்டம்னு சொல்ல வரல, மிஷின்ல துவைக்கலாம், சீக்கிரம் காயும், உறுத்தாது, விலையும் கம்மி, பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு அதான் சரி. ஆனா ஆட்டு ரோமம்னு நினைச்சு காசு குடுத்து ஏமாறக் கூடாதுல்ல. சந்தேகமா இருந்தா வீட்டுக்கு வந்து ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில புடிச்சு, சிங்க்குக்கு மேல வச்சு தீக்குச்சி காட்டுங்க. ஒரிஜினல் கம்பளின்னா தலைமுடி பொசுங்குன வாடை வரும், நெருப்பை எடுத்தா தானா அணைஞ்சிடும், மிச்சத்தை விரல்ல நசுக்குனா கருப்புத் தூளா உதிரும். அக்ரிலிக் உருகி ஒழுகும், எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆறுன பிறகு கெட்டியா கருப்பு மணி மாதிரி நிக்கும். (சூடா இருக்கிறப்ப தொட்டுடாதீங்க, ஒட்டிக்கிட்டு உரியும்.) இதுக்காகவே நான் கணப்பு முன்னாடி உக்காந்து குளிர் காயுற பெரியவங்களுக்கு அக்ரிலிக் பின்னுறது இல்ல. ஒரு தீப்பொறி தெறிச்சா கம்பளியில ஒரு புள்ளி கருகும், அக்ரிலிக்ல உருகி ஓட்டை விழும், தோல்லயும் ஒட்டும்.

கம்பளிக்கு இன்னொரு குணம் இருக்கு, தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை இழுத்துக்கிட்டும் தொட்டா நனைஞ்ச மாதிரியே இருக்காது. மேகம் வீட்டுக்குள்ளயே நடந்து போற ஊருக்கு வேற என்ன வேணும். நம்ம மன்னவனூர்லயே, கொடைக்கானல்ல இருந்து 35 கிலோமீட்டர் போல, மத்திய அரசோட செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கு, 1965ல ஆரம்பிச்சது, பாரத் மெரினோன்னு மெல்லிசான ரோமம் தர்ற ஆடு வளக்குறாங்க. சுற்றுலா வர்றவங்க எல்லாம் புல்வெளியில நின்னு ஆட்டோட போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. போட்டுட்டு வந்திருக்க ஸ்வெட்டர் மட்டும் நைலான்.

எவ்வளவு வாங்கணும்னா, பெரியவங்க குல்லாவுக்கு 100 கிராம் தாராளம், மஃப்ளருக்கு 150ல இருந்து 200, குழந்தை ஸ்வெட்டருக்கு 100ல இருந்து 150, பெரியவங்க முழுக்கை ஸ்வெட்டருக்கு ஆளைப் பொறுத்து 400ல இருந்து 600. ஒரே தடவையில வாங்கிடுங்க, லேபிள்ல இருக்கிற லாட் நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒரே மெரூன்தானேன்னு மறுபடி போய் வாங்குனா சாயம் ஒரு பொட்டு மாறி இருக்கும், கடையில டியூப்லைட்ல தெரியாது, பின்னி முடிச்சு வெயில்ல புடிச்சாத்தான் இடது கை மட்டும் வேற ஆளோட கை மாதிரி இருக்கும். அப்படி மாட்டிக்கிட்டா ரெண்டு நூலையும் வரிசைக்கு வரிசை மாத்தி மாத்திப் பின்னுங்க, வித்தியாசம் கலைஞ்சிடும்.

ஊசி நம்பர் விஷயத்துல புதுசா கத்துக்கிறவங்க குழம்புவாங்க. நம்ம கடைகள்ல கேக்குற 8 நம்பர், 10 நம்பர் எல்லாம் பழைய பிரிட்டிஷ் கணக்கு, நம்பர் கூடக்கூட ஊசி மெலிசு. 8 நம்பர்னா 4 மில்லிமீட்டர், 10 நம்பர்னா 3.25. யூடியூப்ல வெளிநாட்டு அம்மா 8 மில்லிமீட்டர்னு சொல்றதைக் கேட்டு 8 நம்பர் வாங்கிட்டு வந்து ஏன் இப்படி இறுக்கமா வருதுன்னு அழுதவங்களை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தி நானேதான்.

அளவு எடுக்கிறது, அதுவும் தெரியாம

சர்ப்ரைஸா குடுக்கணும்னா டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் நிக்க முடியாது. அவங்க வழக்கமாப் போடுற ஸ்வெட்டர் கொடியில காயுறப்ப எடுத்து, தரையில தட்டையா விரிச்சு, அக்குளுக்கு அக்குள் அளந்து ரெண்டால பெருக்குங்க. ஆளை அளக்குறதை விட இது நல்லது, ஏன்னா எவ்வளவு தொளதொளன்னு போட அவங்களுக்குப் பிடிக்கும்னும் தெரிஞ்சிடும். ஆளைத்தான் அளக்க முடிஞ்சுதுன்னா மார்புச் சுத்தளவோட ரெண்டுல இருந்து நாலு இஞ்ச் கூட்டிக்கோங்க, சட்டைக்கு மேலதானே போடப் போறாங்க. குல்லாவுக்குத் தலைகீழ். பெரியவங்க தலை 22 இஞ்ச் கிட்ட இருக்கும், குல்லாவை 19, 20 இஞ்சுக்குத்தான் பின்னணும், இழுத்துக் கொடுத்து கப்புன்னு புடிக்கும். பிறந்த குழந்தைக்குத் தலை 14 இஞ்ச், ஆறு மாசத்துல 17, ஒரு வயசுல 18 கிட்ட வந்துடும், அதனால நவம்பர்ல பிறந்த குழந்தைக்கு டிசம்பர் அளவுக்குப் பின்னாதீங்க, ஒரு சுத்து பெருசாவே பின்னுங்க, பிப்ரவரியிலயும் குளிருதுல்ல.

அடுத்தது யாருமே பண்ண மாட்டேன்னு அடம்பிடிக்கிற வேலை, சாம்பிள் துண்டு. அதே நூல், அதே ஊசி, நாலு இஞ்ச் சதுரம் வர்ற மாதிரி ஒண்ணு பின்னி, நனைச்சுக் காய வச்சு, அப்புறம் ஸ்கேல் வச்சு எண்ணுங்க. நான் ஒரு தடவை இதைப் பண்ணாம பெரியப்பா மகனுக்கு 36 இஞ்ச்னு நினைச்சு 198 கண்ணி போட்டேன், இஞ்சுக்கு அஞ்சரைன்னு மனக்கணக்கு. என் கை அந்த வாரம் லூஸா இருந்திருக்கு போல, இஞ்சுக்கு அஞ்சுதான் விழுந்திருக்கு. அரைக் கண்ணி வித்தியாசம், என்ன பெரிய விஷயம்னு தோணும்ல? 198ஐ அஞ்சால வகுத்துப் பாருங்க, 39.6. மூணரை இஞ்சுக்கு மேல பெருசு. அண்ணன் அதை மாட்டிக்கிட்டு வந்து நின்னப்ப அப்பத்தா, ஏண்டா உங்க அப்பன் ஸ்வெட்டரைப் போட்டிருக்கன்னு கேட்டுச்சு. அண்ணன் பாவம், இல்ல அப்பத்தா, வளரப் போறேன்ல அதான்னுச்சு. அப்ப அதுக்கு 31 வயசு.

பிறந்த குழந்தைச் சாமானுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். கழுத்துல கட்டுற கயிறு, நாடா வேண்டாம், பாம்பாம் உருண்டையும் பிடுங்கி வாயில போடும். பூட்டீஸ், அதான் குழந்தை காலுக்கு மாட்டுற குட்டிப் பின்னல் ஷூ, அதோட உள்பக்கத்துல நூல் முனை எதுவும் தொங்கக் கூடாது, குழந்தை விரல்ல சுத்திக்கிச்சுன்னா ரத்த ஓட்டம் நிக்கும், அது ஏன் அழுவுதுன்னே நமக்குத் தெரியாது. உள்பக்கத்தை வெளிய திருப்பி, உங்க சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்க, ஏதாவது மாட்டுச்சுன்னா தச்சுடுங்க. சடை சடையா ரோமம் தொங்குற நூலும் குழந்தைக்கு ஆகாது.

உறுத்துமான்னு பாக்க அந்த சாம்பிள் துண்டையே உங்க ஜாக்கெட் கழுத்துக்குள்ள செருகிக்கிட்டு அரை மணி நேரம் வேலையைப் பாருங்க. மறந்துட்டீங்கன்னா நல்ல நூல். சொரிஞ்சுக்கிட்டே இருந்தீங்கன்னா அதை மஃப்ளருக்கு எடுக்காதீங்க, சட்டைக்கு மேல போடுற ஹாஃப் ஸ்வெட்டருக்கு வச்சுக்கோங்க.

புது நூல் வாங்க முடியலன்னா

எங்க வீட்டுல பாதி கிறிஸ்மஸ் பழைய ஸ்வெட்டர்லதான் வந்துச்சு. அம்மா ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்து, தையலை மட்டும் பிளேடால பிரிச்சு, கழுத்துப் பக்கத்துல நுனியைப் புடிச்சு இழுப்பாங்க, சர்ருன்னு வரிசை வரிசையா அவிழும், நாங்க பிள்ளைகள் எதிர்ல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கணும், அதுல சுத்துவாங்க. கை வலிக்குதுன்னா நாற்காலியைக் கவுத்துப் போட்டு அது கால்ல சுத்தலாம். அவிழ்த்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும், அப்படியே பின்னுனா கண்ணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வரும். அதனால அந்தச் சுத்தை நாலு இடத்துல லூஸா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, பிழியாம எடுத்து, கொடியில மாட்டி, கீழ ஒரு சின்ன வாட்டர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்க. காயுறப்ப நேராயிடும். காஞ்ச பிறகு உருண்டை சுத்துங்க, இறுக்கிச் சுத்தாதீங்க. கடையில வாங்குன மெஷின் ஸ்வெட்டர் எல்லாமே இப்படி அவிழாது, துணி மாதிரி வெட்டித் தச்சதா இருந்தா வரிசைக்கு வரிசை நூல் அறுந்து அறுந்து வரும், ஓரத் தையலைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

இறந்து போனவங்க ஸ்வெட்டரை இப்படிப் பிரிச்சுப் பின்னிக் குடுக்கலாமான்னு கேப்பாங்க. குடும்பத்துல எல்லார்கிட்டயும் கேட்டுட்டுப் பண்ணுங்க. எங்க தாத்தாவோட சாம்பல் கலர் ஸ்வெட்டரை அப்பத்தாவே எடுத்துக் குடுத்து, பேரப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு குல்லா வர்ற மாதிரி பாருன்னு சொன்னுச்சு. அஞ்சு குல்லா வந்துச்சு. ஆறாவது பேரனுக்கு நூல் பத்தல, பாதிக்கு மேல நீலத்துல போட்டேன், இப்ப அவனுதுதான் எல்லாத்துலயும் அழகு.

குடுக்கிற விதம்

முடிச்ச உடனே கவர்ல போட்டுடாதீங்க. நூல் முனைகளை ரெண்டு இஞ்சாவது உள்ள ஓட்டித் தச்சுட்டு, ஒரு தடவை அலசி, துண்டுல சுருட்டித் தண்ணியை ஒத்தி எடுத்து, தட்டையா விரிச்சு அளவுக்கு இழுத்து வச்சுக் காயப் போடுங்க. கோணல் மாணலா இருந்தது எல்லாம் அப்பத்தான் ஒழுங்காகும். அக்ரிலிக் மேல சூடான இஸ்திரிப் பெட்டியை வச்சீங்கன்னா பின்னல் செத்துப் போய் பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி தொங்கும், வேண்டாம். மலையில டிசம்பர்ல காய மூணு நாலு நாள் ஆகும், அதனால உங்களோட உண்மையான கடைசித் தேதி 25 இல்ல, 20.

பார்சலுக்குள்ள மூணு சாமான் கூட வைங்க. அதே நூல்ல ரெண்டு மூணு மீட்டர், ஓட்டை விழுந்தா தைக்க. பட்டன் வச்சதுன்னா ஒரு உபரிப் பட்டன். ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, பச்சைத் தண்ணியில ஷாம்பூ போட்டு அலசவும், முறுக்கிப் பிழியாதீங்க, கொடியில தொங்கவிடாதீங்கன்னு உங்க கையெழுத்துல. வாயால சொன்னா அந்தக் கிறிஸ்மஸ் சத்தத்துல யாருக்கும் காதுல விழாது.

எப்பக் குடுக்கிறதுன்னா, எங்க வீட்டுல 24ஆம் தேதி சாயங்காலமே குடுத்துடுவோம். ராத்திரிப் பூசைக்குப் போறப்பத்தான் அந்தக் குளிர்ல அது வேணும். 25ஆம் தேதி மதியம் பிரியாணி சாப்பிட்டு வேர்த்துக்கிட்டு இருக்கிறப்பக் குடுத்தா பாத்துட்டு ஓரமா வச்சிடுவாங்க. நம்ம ஊர்ல கிறிஸ்மஸ்னா புதுத்துணி, அதுல பிள்ளைங்க எடுத்து வச்சிருக்கிற டிரஸ் என்ன கலர்னு முன்னாடியே விசாரிச்சிடுங்க. பச்சைப் பாவாடைக்கு ஆரஞ்சு ஸ்வெட்டர் குடுத்தா எந்தப் பொண்ணும் கோயிலுக்குப் போட மாட்டா.

பக்கத்து வீட்டு வேற மத மக்களுக்குப் பலகாரத் தட்டு அனுப்புறப்ப அதுகூட சின்னதா ஒண்ணு வச்சு அனுப்புவேன், பாத்திரம் புடிக்கிற துணி, குழந்தை சாக்ஸ், அந்த மாதிரி. தட்டை யாரும் வெறுமையாத் திருப்பித் தர மாட்டாங்க, சர்க்கரையோ நாலு வாழைப்பழமோ வச்சுத்தான் வரும். பின்னல் சாமானைப் பெருசா வச்சா அவங்களுக்குத் திருப்பி என்ன குடுக்கிறதுன்னு சங்கடமாயிடும், அதனாலதான் சின்னதா.

முடிக்க முடியலன்னா? ஊசியோடயே குடுங்க. நான் ஒரு வருஷம் சித்திக்கு முதுகுப் பக்கம் மட்டும் முடிச்ச ஸ்வெட்டரை, ஊசி, நூல் உருண்டையோட பெட்டியில வச்சு ரிப்பன் கட்டிக் குடுத்து, அவங்க எடுத்துப் பாத்ததும் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். மூணு ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6, அது வரைக்கும் கிறிஸ்மஸ் காலம்தானே, அன்னைக்குப் போய் மாட்டி விட்டேன். அவசரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு பின்னுனா கண்ணி விட்டுப் போகும், நாலு வரிசை கழிச்சுத்தான் தெரியும், அதுக்கு இது மேல்.

எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு குடுக்கிறப்பவே சொல்லாதீங்க. கேட்டா சொல்லுங்க.

வாங்குறவங்களுக்கும் கொஞ்சம்

இதுதான் எனக்கு ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கிறது. யாராவது பின்னிக் குடுத்தா, அந்த இடத்துலயே போட்டுப் பாருங்க. அவ்வளவு போதும், பின்னுனவங்க கண்ணு உங்க தோள்பட்டையில தையல் சரியா உக்காந்திருக்கான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கும், நீங்க சொல்ற நன்றி கூட அப்புறம்தான் காதுல விழும். இதை ரோட்டோரக் கடையில ஐநூறு ரூபாய்க்குத் தர்றானேன்னு சொல்லாதீங்க. சூப்பரா இருக்கு, என் ஃபிரெண்டுக்கும் ஒண்ணு பின்னித் தர்றியான்னும் கேக்காதீங்க, பாராட்டுறதா நினைச்சுத்தான் கேப்பீங்க, இங்க பின்னுறவளுக்கு 33 மணி நேரம் கண்ணு முன்னாடி ஓடும்.

உடனே பதிலுக்குச் செய்யணும்னு ஓடாதீங்க. நமக்கு மொய் நோட்டு பழக்கம், வந்தது எவ்வளவு, திருப்பிச் செய்யுறது எவ்வளவுன்னு மனசு தானா கணக்குப் போட ஆரம்பிச்சிடும். பின்னுனதை அந்த நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதுவீங்க? குளிர்ல நடுங்குன ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஜனவரி மாசம், யாரும் எதிர்பாக்காத ஒரு செவ்வாய்க்கிழமை அந்த போட்டோ வந்தா பின்னுனவங்க அன்னைக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க, எனக்கு நடந்திருக்கு.

அளவு சரியில்லன்னா அந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க, கூச்சப்படாதீங்க. கை நீளத்தைப் பிரிச்சுச் சுருக்குறது ஒரு சாயங்கால வேலை. ஒரு வருஷம் கழிச்சு பீரோவுல மடிச்சது மடிச்சபடி இருக்கிறதைப் பாக்குறதுதான் கஷ்டம். உங்களுக்குச் சேரலன்னு வேற யாருக்காவது குடுக்கணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சரின்னுதான் சொல்வாங்க. அவங்க மடியில பின்னுனதை பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாதவங்க மேல பாக்குறது வேற மாதிரி இருக்கும்.

எங்கயாவது மாட்டி நூல் வெளிய நீட்டிக்கிட்டு வந்தா கத்தரிக்கோலை எடுக்காதீங்க, வெட்டுன இடத்துல இருந்து ஓட்டை ஓடும். குரோஷா ஊசியோ ஹேர்பின்னோ வச்சு அந்த வளையத்தை உள்பக்கமா இழுத்து விட்டுடுங்க. மழைக் காலம் முடிஞ்சதும் ஒரு நல்ல வெயில் நாள்ல எல்லாத்தையும் மொட்டை மாடியில விரிச்சுப் போட்டு எடுத்து வைங்க, இல்லன்னா நம்ம ஊரு ஈரத்துக்குப் பூஞ்சை வாடை ஏறிடும். அழுக்கோட மடிச்சு வச்சா பூச்சி தேடி வந்து அரிக்கும், வேர்வையும் சோத்துக் கறையும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியா வாஷிங் மிஷின். கம்பளி ரோமத்து மேல மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, சுடுதண்ணியும் சுத்துற சுத்தும் சேந்தா அது ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கிட்டு சுருங்கிடும், அப்புறம் எந்தச் சாமிகிட்ட வேண்டுனாலும் திரும்பாது. தம்பி சென்னையில வேலை பாக்குறான், நான் நல்ல கம்பளியில ஒரு மாசம் பின்னிக் குடுத்ததை, சீட்டையும் படிக்காம, சூடு வச்சு மிஷின்ல போட்டுட்டான். வெளிய எடுத்தா நாலு வயசுப் பிள்ளைக்குச் சேரும், அட்டை மாதிரி கெட்டி. ஒரு மாசம் எனக்கு போனே பண்ணல அவன். அப்புறம் கூரியர்ல வந்துச்சு, அக்கா திட்டாதன்னு ஒரு சீட்டோட. அப்படி இறுகுன கம்பளியை வெட்டுனாலும் நூல் பிரியாது, அதுல ஒரு வசதி. நடுவுல வெட்டி, மூணு பக்கம் தச்சு, கழுத்துப் பட்டியை வாய் மாதிரி விட்டு, அம்மாவோட சுடுதண்ணிப் பைக்கு உறையாக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் சூடு நிக்குதாம். இந்த வருஷம் தம்பிக்கு ஒரு காட்டன் டவல், கடையில வாங்குனது.